வாசற்படியில் கொடுத்த வாக்கு

நகராட்சி வீட்டுவசதி ஆய்வுப் பிரிவின் தலைவர் பணி நிறைவு பெறும் இந்நாளில், பிரிவின் அலுவலர்கள் படித்தளிக்கும் மடல்

குடியிருக்க இடமின்றிக் குமைவோர் குறை கேட்கக் குடைபிடித்துக் கால்கடுக்க நடந்தவரே! வந்த வருவாயையெல்லாம் வாடகைக்கே வாரிக் கொடுத்து வயிற்றைக் கட்டுவோரின் வலியை வரைபடத்தில் ஏற்றியவரே! பிரிவுக்குத் தலைவியாய், எங்களுக்கு அக்காவாய் முப்பதாண்டு இருந்தவரே, வணக்கம்.

வாழ்த்தும் நாளில் வாய்நிறையச் சிரிக்க வேண்டும். எங்களால் முடியவில்லை. காரணம் மேடையில் அமர்ந்திருப்போருக்கும் தெரியும்.

இந்நகரில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு தேவை, எவரால் எவ்வளவு வாடகை தாங்கும் என்று ஆராய்வதே நம் வேலை. ஆனால் உண்மையைச் சொல்ல மக்கள் அஞ்சினார்கள். மாடியிலும் வண்டிக் கொட்டகையிலும் அனுமதியின்றித் தடுப்பு வைத்துக் கட்டிய அறைகளில் குடியிருப்போர், நம் தலையைக் கண்டாலே விளக்கை அணைத்தார்கள். கதவைத் திறந்தாலும், "நாலு பேருதாங்க" என்பார்கள். நீங்கள் கை கழுவத் தண்ணீர் கேட்டு உள்ளே போவீர்கள். அங்கே குவளையில் ஒன்பது பல் பிரஷ் நிற்கும். வெளியே வந்து, யாரையும் கடிந்துகொள்ளாமல், "மீதிப் பேருக்கும் சேர்த்துத்தானே வீடு கேக்கணும்? பயப்படாம சொல்லுங்க. உங்க விலாசம் எங்க ரூமை விட்டு வெளிய போகாது" என்பீர்கள். அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள்.

ஆய்வறிக்கை நகர்மன்றத்துக்குப் போனதும் கட்டடப் பிரிவு அந்த விலாசங்களைக் கேட்டது, அறைகளுக்குச் சீல் வைக்க. நீங்கள் அந்த விலாசங்களை வைத்துப் பூட்டிய பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் இருக்கிற வரைக்கும் கிடைக்காது" என்றீர்கள். நீங்கள் இருக்கிற காலம் இன்று மாலையோடு முடிகிறது, அக்கா.

சாவி இப்போது, இம்மடலை வாசித்து நிற்கும், நம் பிரிவில் வரைபடம் போடும் வரைவாளரின் சட்டைப்பையில் இருக்கிறது. சில நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டடப் பிரிவு அதிகாரி படியேறும் சத்தம் கேட்டாலே போடுகிற கோடு கோணிப்போகிறது. வேலை போய்விடுமோ என்பது ஒரு பயம். இன்னொன்றை நேற்றுத்தான் எங்களிடம் சொன்னார்: மனைவி, மாமியார், பிள்ளைகளோடு அவர் குடியிருப்பதும் அப்படியொரு மாடித் தகர அறைதான். அவர் வீட்டுக் குவளையையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எங்களில் ஒருவரிடமும் நீங்கள் மூச்சு விடவில்லை.

இதையெல்லாம் சபையில் படிக்க வேண்டாமென்று தடுத்தோம். "ஒளிச்சு ஒளிச்சுத்தான் பயம் இவ்ளோ பெருசாச்சு. எழுதுங்க, நானே படிக்கிறேன்" என்றார்.

நோய்நொடி அண்டாமல் நெடுநாள் நீங்கள் நிம்மதியாய் வாழ்க. எங்கள் தைரியத்தின் ஆயுள் எங்களுக்கே தெரியாது. அதனால் அடிக்கடி வந்து எட்டிப் பாருங்கள்.

பீரோ திறக்கப்படாது. நாளை கேட்டு வருவோருக்கு வரைவாளர் ஒரே ஒரு விலாசம் எழுதிக் கொடுப்பார். அது அவருடையது.

இன்னும் அஞ்சிக்கொண்டே இருக்கும்,
உங்கள் ஆய்வுப் பிரிவினர்