ட்ரெஜென்சா மாளிகையை இடிக்கலாமா?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் ஷீஹன் அவர்களே! சுரங்கப் புழுதியைச் சுவாசித்தே நரை கண்ட பெரியவர்களே! கணவனை மலைக்குள் அனுப்பிவிட்டுக் கதவைப் பார்த்தே காலம் கழித்த தாய்மார்களே! பின்வரிசையில் பீர் வாசத்தோடு வீற்றிருக்கும் ஐரிஷ் அண்ணன்மார்களே! அனைவருக்கும் இந்த லவ்டே பாஸ்கோவின் வணக்கம்.

ட்ரெஜென்சா மாளிகையை இடிப்பதா, காப்பதா? சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள். அங்கே ஒன்பது ஆண்டு தரை துடைத்தவள் என்பதால் என்னை அழைத்தார்கள். எனக்குத் தெளிவு உண்டா? இல்லை! குழப்பம், குழப்பம், தலைகால் புரியாத குழப்பம்!

நம் ப்யூட் மலைச் சுரங்கத்தில் ஏழு தடவை மணி அடித்தால் உள்ளே விபத்து. தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். செம்பு வெட்டிச் சீமானான ஜெத்ரோ ட்ரெஜென்சா, மாளிகை கட்டி, எத்தனையாவது அறையோ அத்தனை மணி என்று வேலைக்காரிகளை அழைக்க ஏற்பாடு செய்தார். குடிபுகுந்த அன்று, விருந்து நடுவே, ஏழாம் அறையிலிருந்து அவர் மனைவி தேநீர் கேட்டு மணி அடித்தார். ஏழு தடவை! தட்டைக் கீழே போட்டோம், சுரங்கத்துக்கு ஓடினோம். பரிமாறிய அத்தனை பேரும் சுரங்கத்தான் பெண்டாட்டிகள் அல்லவா? எங்களுக்கு முன்னால் ஓடியவர் யார்? ட்ரெஜென்சா! கழுத்தில் விருந்துத் துண்டு, காலில் வீட்டுச் செருப்பு!

என்ன கேட்கிறாய், ஹாரிங்டன்? பட்டுத் துண்டா என்றா? பட்டுதான்டா! உன் மூக்கத் தொடைக்கக் குடுக்க மாட்டாரு, உக்காரு!

சுரங்க வாயிலில் அவர் கத்தினார்: "உள்ள யாருய்யா? எத்தன பேரு? வாயத் தொறந்து சொல்லுங்கய்யா!"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல மொதலாளி. இங்க மணியே அடிக்கலையே" என்றார் மேஸ்திரி.

அந்தச் சீமான் மண்ணில் உட்கார்ந்து அழுதார். என் கண்ணால் பார்த்தேன்.

ஆறு ஆண்டு கழித்து மலையில் உண்மையாகவே ஏழு தடவை அடித்தது. உள்ளே என் கணவர் டிக்கன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். ட்ரெஜென்சா மாடியில் நின்று திரையை இழுத்து மூடினார்! மூன்று நாள் காத்திருந்தோம், வந்தாரா? என் டிக்கனோடு சேர்த்துப் பதினோரு உடல்கள் மேலே வந்தன, அவர் வந்தாரா?

அந்த மாளிகையைக் கட்டியது யார்? மண்ணில் அழுதவரா? திரை மூடியவரா? இருவரும் ஒருவரென்றால் நான் யாரை வெறுப்பது?

"இடிச்சுத் தள்ளு லவ்டே!" என்கிறாயா? இடிக்கலாம் தம்பி. அவரோ செத்துப்போனார், கல்லறையும் கலிபோர்னியாவில். ஞாயிறுதோறும் அந்த மாடிக்குக் கீழே நின்று, "ஏன்யா வரல?" என்று கேட்கிறேன். இடித்துவிட்டால் நான் எங்கே போய்க் கேட்பேன்? மற்ற பத்து வீட்டுப் பெண்களே, நீங்கள் எங்கே போய்க் கேட்பீர்கள்?

குழம்பிய நெஞ்சோடுதான் கை தூக்குகிறேன். வீடு நிற்கட்டும்! பதில் சொல்லும் வரை நிற்கட்டும்! பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.