ஒரு பிளக்குக்கு இரண்டு பேர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், கணினித் துறையின் முன்னாள் பேராசிரியர் அவர்களே! மேடையில் என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும், மறைந்த அக்காவின் கணவர் அவர்களே! முதல் வரிசையில் இருக்கும் அவருடைய தங்கையே! நம் வட்டாரத்தில் வீடியோ கேம் உருவாக்குவதைத் தொழிலாகவும், பகுதிநேரத் தொழிலாகவும், வீட்டாருக்கு இன்னும் தெரியாத தொழிலாகவும் கொண்டிருக்கும் நண்பர்களே! கடைசி வரிசையில், மடியில் ஒரு ஃபைலுடன் அமர்ந்திருக்கும் அரங்க மேலாளர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் வழக்கறிஞன். ஆகவே தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரில் கண்டதை நேரில் கண்டது என்று சொல்வேன். பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டது என்று சொல்வேன். இறந்தவரைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவது எளிது. மறுத்துப் பேச அவர் எழுந்து வரமாட்டார் என்ற துணிச்சல்தான் காரணம். நம் அக்கா மறுத்துப் பேசத் தயங்காதவர். அவரால் இன்று அது முடியவில்லை என்பதை நான் எனக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது.

பத்து நாட்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அவருடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், முடிஞ்சுபோச்சு" என்றார். நான் "சரி" என்றேன். மேசையில் ஒரு வாடகைப் பத்திரம் இருந்தது. ஒன்பது பக்கங்களில் நான்கைப் பார்த்து முடித்திருந்தேன். மீதி ஐந்தையும் பார்த்தேன். இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டையும் சரியாகவே திருத்தியிருக்கிறேன். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, அது எப்படி முடிந்தது என்று எனக்கே விளங்கவில்லை. துயரம் என்றால் கை நடுங்க வேண்டும் அல்லவா? கண் கலங்க வேண்டும் அல்லவா? எனக்கு எதுவும் நிகழவில்லை, இன்றுவரை நிகழவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு தாடை இருப்பது தெரியும், உணர முடியாது. அந்த நிலையில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேம் உருவாக்குவோரான நம் பத்தாவது ஆண்டுச் சந்திப்பு இன்னும் இருபது நாளில், ஒரு சனிக்கிழமை, மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் உள்ள அரங்கில் நடக்க வேண்டும். அரங்கம் அக்காவின் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்தவர் மறைந்தால், பத்து நாட்களுக்குள் வேறொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். இல்லையேல் பதிவு தானாகவே நீங்கும். இன்று பத்தாம் நாள். அரங்க அலுவலகம் ஆறு மணிக்கு மூடப்படும். ஆறு மணிக்குப் பிறகு அந்தச் சனிக்கிழமை, காத்திருக்கும் ஒரு நடனப் பள்ளிக்குப் போய்விடும். மேலாளர் மடியில் இருப்பது அந்த ஃபைல்தான். இவ்வளவு கறாரான விதியை எழுதியது யார் என்று உங்களில் சிலர் கோபப்படலாம். நான்தான் எழுதினேன். அக்காவுக்கு ஏதாவது நேர்ந்தால் அரங்கப் பொறுப்பு அவர் வீட்டார் தலையில் விழக் கூடாதே என்று, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதினேன்.

எனக்குப் பின்னால் உள்ள பதாகையில் அவருடைய பெயர் முறைப்படி அச்சாகியிருக்கிறது. ஆனால் நம்மில் எவரேனும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதுண்டா? பிளக் பாயிண்ட் அக்கா! அதுதான் பெயர், அதுதான் பட்டம். நான் அவரைவிட ஏழு வயது மூத்தவன். எனக்கும் அவர் அக்காதான். தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் பதியும் எழுத்தர். ஒரு கேமையும் அவர் உருவாக்கியதில்லை. விளையாடியதும் குறைவு. பிறகு ஏன் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்? நானே கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன விடையை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்.

"நான் போற பஸ்ஸுல தினமும் ரெண்டு பேரு வருவாங்க சார். ஒருத்தன் லேப்டாப்புல குதிரை வரைவான். அவ்வளவு அழகா வரைவான். பின்சீட்டுல இன்னொருத்தன், குதிரைன்னு சொல்லி ஒரு டப்பாவை ஓட வெச்சுக்கிட்டு இருப்பான். நடுவுல ஒரே ஒரு சீட்டுக் கம்பி. ஒருத்தனுக்கு இன்னொருத்தனைத் தெரியாது. எனக்கு வயிறு எரிஞ்சுது."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னேனே! ரெண்டு பேரும் என்னைப் பார்த்து முழிச்சிட்டு ஹெட்போனை மாட்டிக்கிட்டாங்க."

நண்பர்களே, நம் சந்திப்பின் தோற்றம் இவ்வளவுதான். அந்த இருவரும் இன்று இந்தக் கூடத்தில், ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

முதல் ஆண்டு, அரங்க ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். கைப்பையில், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டர் இருந்தது. அரங்கச் சுவரில் உள்ள ஒவ்வொரு பிளக் துளையிலும் அதை வைத்துப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறார். ஒப்பந்தம் முழுவதையும் நான் விளக்கி முடித்ததும், "இதுல எத்தனை பிளக் பாயிண்ட்னு எழுதவே இல்லையே?" என்று கேட்டார். அதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கமில்லை என்றேன். "அப்புறம் எதுக்கு சார் ஒப்பந்தம்? எங்க ஆளுங்க நாற்காலி இல்லாம நிப்பாங்க. சாப்பாடு இல்லாம இருப்பாங்க. கரண்ட் இல்லாம ஒரு நிமிஷம் இருக்க மாட்டாங்க" என்றார். எழுதினேன். 'வேலை செய்யும் மின் இணைப்புகள் முப்பத்தொன்று' என்று ஒரு பிரிவு. என் தொழிலில் அப்படி ஒரு பிரிவை அதற்கு முன் எழுதியதில்லை.

அதோடு நான் நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. அந்த முதல் சந்திப்பில் நான் செய்த பிழையை இங்கே பதிவு செய்கிறேன். ஒருவர் மனதில் உள்ள கேமை இன்னொருவர் திருடிவிடக் கூடாதே என்ற கவலையில், நான்கு பக்கத்தில் ஓர் இரகசியக் காப்பு உறுதிமொழி தயாரித்தேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, கையெழுத்திடாத எவரையும் உள்ளே விடவில்லை. நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகலோடு உள்ளே போனார்கள். பெருமையோடு உள்ளே போய்ப் பார்க்கிறேன்! மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போல நாற்பத்தொரு பேரும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். லேப்டாப்புகள் பாதி மூடியிருக்கின்றன. தவளை கேம் செய்தாரே, நம் தவளைக்காரர், அவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது என் காதில் விழுந்தது:

"உங்க கேம் எதைப் பத்தி?"

"சொல்லலாமான்னு தெரியலையேண்ணே. மூணாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"நான் படிக்கலையே. நீங்க படிச்சீங்களா?"

"நானும் படிக்கல. அதான் பயமா இருக்கு."

அறிமுகம் ஆவதற்காகக் கூட்டிய கூட்டத்தில், அறிமுகம் ஆகக் கூடாது என்று எழுதி வாங்கிய வழக்கறிஞர் உலகத்தில் வேறு எவரேனும் உண்டா? அக்கா என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. "வக்கீல் சாரே, கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வாசல்லயே எல்லார் வாயிலயும் பிளாஸ்திரி ஒட்டிட்டீங்களே" என்றார். பிறகு, "இது சட்டப்படி செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் என்றேன். "யாரு விட்டுக்கொடுத்தா செல்லாமப் போகும்?" அவர்கள் உங்களுக்குத் தந்த உறுதிமொழி, நீங்கள் விடுவித்தால் விடுதலை என்றேன். உடனே நாற்காலி மேல் ஏறினார். "எல்லாரையும் விட்டாச்சு! தாளைத் திருப்புங்க, பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. பக்கத்துல இருக்கறவங்க கேமை விளையாடிப் பாருங்க. எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு அதுல எழுதி அவங்ககிட்டயே குடுங்க."

என் நான்கு பக்கத்துக்கும் ஒரு பயன் கிடைத்தது. அன்று தொடங்கிய அந்தப் பின்பக்கத் தாள் வழக்கம் ஒன்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. தாள் மட்டும் இப்போது இரு பக்கமும் வெள்ளை.

அடுத்தது அவருடைய விதி. உங்களுக்கு மனப்பாடம், உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் உங்கள் கேமை விளையாடும்போது, நீங்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். கைகளைப் பின்புறம் கட்டிக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டு ஒரு பள்ளி ஆசிரியை வந்து தவளை கேமின் முன் உட்கார்ந்தார். தவளை தாவித் தண்ணீரில் முங்கியது. மறுபடி முங்கியது. பதினான்கு முறை முங்கியது, எண்ணிக்கொண்டு நின்றேன். தவளைக்காரருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "அம்மா, அந்த இலை மேல..." என்று ஆரம்பித்தார். அக்கா எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. "அண்ணே, உங்க தவளையை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பின்னால நின்னு சொல்லிக்குடுப்பீங்களா?" என்றார். அவர் கைகளை மறுபடி பின்புறம் கட்டிக்கொண்டார். ஆசிரியை போகும்போது தாளில் எழுதிக் கொடுத்தார்: 'அது இலையா? நான் மோதக் கூடாத கல் என்று நினைத்தேன்.' இலையின் நிறம் மாறியது. தவளை கரையேறியது. இன்று அந்த கேமை நம்பி ஐந்து பேர் வேலை செய்கிறார்கள் என்பது தவளைக்காரர் சொல்லக் கேட்டது. அவர் தலையாட்டுகிறார், ஆகவே உறுதி.

ஐந்தாம் ஆண்டு, கூட்டம் பெருகியதால், நான் ஒரு பெரிய அரங்கத்தைப் பரிந்துரைத்தேன். புதிய கட்டடம். ஒவ்வொரு இருக்கைக்கும் அருகில் ஒரு பிளக். அக்கா மகிழ்வார் என்று நினைத்தேன். டெஸ்டரை வெளியே எடுக்கவே இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் சார்" என்றார். ஏன் என்று கேட்டேன். "இவ்வளவு இருந்தா ஆளுக்கொரு மூலையில போய் உட்கார்ந்துக்குவாங்க. நம்ம பழைய இடத்துல முப்பத்தொண்ணுதான் இருக்கு, வர்றவங்க அறுபது பேரு. ஒரு பிளக்குக்கு ரெண்டு பேரு. கரண்ட் வேணும்னா பேசித்தான் ஆகணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து ஆண்டுகளாக, பிளக் போதவில்லையே என்று கவலைப்பட்டு எண்ணுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் எண்ணியது போதாமல் இருக்கிறதா என்று! வரைபவர் பக்கத்தில் வரையத் தெரியாதவர், இசை போடுபவர் பக்கத்தில் ஒலியே இல்லாத ஒரு கேமை வைத்திருப்பவர் என்று ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு பேரை அவர் வாரக்கணக்கில் யோசித்து உட்கார வைத்தார். இன்னாரை இன்னாருக்கு நேரில் அறிமுகம் செய்தாரா? ஒருமுறைகூட இல்லை. மின்சாரத்தைக் காட்டிச் சேர்த்துவைத்தார்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. அரங்கப் பதிவுத் தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் அக்காவின் கையெழுத்து. கூட்டுப் பொறுப்பாளருக்கான இரண்டாவது கட்டம் ஒன்பது ஆண்டுகளும் காலி. ஒவ்வோர் ஆண்டும் என்னைக் கேட்டார். ஒவ்வோர் ஆண்டும், ஆலோசகராக இருப்பதே எனக்குப் பொருத்தம் என்றேன். கையெழுத்துப் போட்டவன் பதில் சொல்ல வேண்டியவன். கண்ணாடி உடைந்தால், மின்கசிவு ஏற்பட்டால், ஒருவர் படியில் தவறி விழுந்தால், முதலில் தேடுவது அந்தக் கட்டத்தில் உள்ள பெயரைத்தான். எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும், நான்தான் விளக்கிச் சொல்லியிருந்தேன். தெரிந்துதான் போட்டார்.

அவர் மறைவதற்கு ஐந்து நாள் முன்பு, சனிக்கிழமை பிற்பகல், மருத்துவமனையில் பார்த்தேன். உணவுத் தட்டு வைக்கும் பலகையில் இந்த ஆண்டின் இருக்கைத் திட்டம் விரித்திருந்தது. பென்சிலைப் பிடிக்க விரலில் வலுவில்லை; கணவர் எழுத, அவர் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வக்கீல் சாரே, அந்த ரெண்டாவது கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன்.

"நீங்க பார்க்கலாம்னு சொன்னா பார்க்க மாட்டீங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. கணவர் முதுகைத் தடவிவிட்டார். நான் கட்டிலுக்கு அருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றேன். அவருடைய விதியை, கடைப்பிடிக்கக் கூடாத இடத்தில் கடைப்பிடித்தேன்.

இன்று காலை கணவர் என் அலுவலகத்துக்கு வந்தார். திட்டத்தை மேசையில் வைத்தார். அறுபத்திரண்டு பெயர்களும் முடிந்திருக்கின்றன. "நான் வேணா கையெழுத்துப் போடுறேன் சார். ஆனா தவளையையும் குதிரையையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? அவ உங்களைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா" என்றார். கூட்டத்தில் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் அதையும் 'பார்க்கலாம்' என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

அவையோரே! இரங்கல் கூட்டங்களின் முடிவில், அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் எழுந்து உறுதியேற்பது முறை. அந்த முறையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லோரும் சேர்ந்து ஏற்கும் உறுதி யாரையும் கட்டுப்படுத்தாது. கண்ணாடி உடைந்தால் யாரைத் தேடுவது? உங்களிடம் நான் உறுதிமொழி கேட்கப்போவதில்லை. உங்களிடம் நான் ஒருமுறை வாங்கிய உறுதிமொழியின் கதையைத்தான் சற்றுமுன் சொன்னேன்.

அக்கா ஒரு கேமும் உருவாக்கவில்லை என்று சொன்னேன். அவர் உருவாக்கியது இந்தச் சந்திப்பு. அதை உருவாக்கியவர் இனி பின்னால் நின்றுகூட ஒரு சொல் சொல்ல மாட்டார். எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்பதை நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். தாளில் எழுதி நமக்கு நாமேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பேச எழுந்தபோது என்னை அறியாமல் இந்தக் கூடத்தின் பிளக் பாயிண்டுகளை எண்ணியிருக்கிறேன். ஆறு. அவற்றில் இரண்டின் மூடி உடைந்திருக்கிறது. எனக்குள் ஏதோ ஒன்று அசைந்ததற்கு, இந்தப் பத்து நாட்களில் கிடைத்த ஒரே சான்று அது.

இறுதியாக, பதிவுத் தாளைப் பற்றி மேலாளர் தொலைபேசியில் கேட்ட ஐயத்துக்கு விடை சொல்லி முடிக்கிறேன். "சார், கேட்கச் சங்கடமா இருக்கு, முதல் கட்டத்துல இருக்கற பேரை அடிச்சிடணுமா?" என்று கேட்டார். ஒப்பந்தத்தில் அந்தப் பத்து நாள் விதி உள்ள எட்டாம் பிரிவை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் ஒருவர் கையெழுத்திட்டுவிட்டால், முதல் கட்டத்தில் உள்ள பெயரை அடிக்க வேண்டியதில்லை. அது அங்கேயே இருக்கலாம். இது என் சட்டக் கருத்து. கேட்டால் எழுத்திலும் தருவேன்.

நேரம் ஐந்து இருபது. மேலாளர் அவர்களே, ஃபைலை எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.