கதகதப்பான அறை

ஹோபார்ட்டில் காய்கறி வாங்குவதென்றால் சனிக்கிழமை கடை மூடுகிற நேரத்துக்குப் போக வேண்டும். தக்காளியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் அடிபட்டிருக்கும், ஊறுகாய்க்கு அது போதும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகத் தெரிந்துகொண்டு, எனக்குப் பின்னால் இந்த ஊருக்கு வந்த நேபாளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். விமான நிலைய வாசலில் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். கூட்டிவந்து பருப்பும் சோறும் போட்டு, ஒரு கட்டிலைக் காட்டி, இனிமேல் இது உன் வீடு என்பேன். ஹரிமாயா அக்காவைப் பற்றி எங்கள் ஆட்களிடம் விசாரித்துப் பாருங்கள். தவறாக ஒரு வார்த்தை வராது. போன மாதம் வரை வராது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், இன்ஸ்பெக்டர். உங்கள் பேச்சு எனக்கு நன்றாகவே புரிகிறது.

வீட்டுச் சொந்தக்காரர் மெல்பர்னில் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். கணவர் பெர்த்துக்குப் போய்ப் பல வருடமாகிறது. அதைச் சொந்தக்காரரிடம் சொல்லும் சந்தர்ப்பம் அமையவில்லை. அறைகள் சும்மா கிடந்தன, பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். இங்கே தனியாக ஒரு அறை பிடிப்பதென்றால் வாரம் முழுக்க முதுகொடிய வேலை செய்தாலும் முடியாது. நான் வாங்கிய வாடகை குறைவு என்று சொல்லமாட்டேன். வெளியே கேட்பதைவிடக் குறைவு.

நிர்ஜலா இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தாள். கிழக்கு நேபாளத்தில் தன்குட்டாப் பக்கத்துப் பெண். படிப்போடு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. விடிந்து வருவாள், மாலை வரை தூங்குவாள். பின்பக்க அறையை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு காலத்தில் தாழ்வாரமாக இருந்ததைப் பலகை அடித்து அறையாக்கியது; மலையில் பனி விழுந்தால் முதலில் தெரிவது அங்கேதான். அதனால்தான் அந்த அறைக்கு மட்டும் கேஸ் ஹீட்டர். உள்ளேயே சிலிண்டர், அடியில் சக்கரம், தள்ளிக்கொண்டு போகலாம். பிரிஸ்பேனுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுப்போனது. சூடு வெளியே போகக் கூடாதென்று சன்னல் இடுக்கையும் சுவரிலிருந்த காற்றுத் துளையையும் நானே பஞ்சு வைத்து டேப் ஒட்டினேன். என் விரல் வெடித்துப் போயிற்று அந்த வேலையில்.

நல்ல பெண்தான். எல்லாரும் முதலில் நல்லவர்கள்தான்.

டம்பர் என்று ஒரு பையன், நடு அறையில் இருந்தவன். அவன் வாங்கிய அரிசிக் குக்கர் சில நாளிலேயே புகைந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்றேன். நிர்ஜலா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது புதுக் குக்கர். அன்று சமையலறையில் ஒரே கொண்டாட்டம். மோமோ அவித்தார்கள்.

"அக்கா, நாம எந்த விசாவுல இருந்தா என்ன? வாங்கின பொருள் சரியில்லன்னா மாத்திக் குடுத்துதான் ஆகணும். இங்க சட்டமே அப்படித்தான்" என்றாள் என்னிடம்.

"அப்படியா? ஏர்போர்ட்டுக்கு உன்னைக் கூட்டிட்டு வர சட்டம் வந்துச்சா, நான் வந்தேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போது அவள் கண் என்மேல் இல்லை, டம்பர்மேல் இருந்தது. அதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறியது. நான் உள்ளே போனால் நின்றுவிடும். குளியலறையில் தண்ணீர் சுடவில்லை என்றால் முன்பெல்லாம் "அக்கா, தண்ணி சுடல" என்பார்கள். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டம்பர் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டான்: "நாங்க குடுத்த முன்பணம் எங்கக்கா இருக்கு? இங்கெல்லாம் அதை அரசாங்கத்துலயே கட்டி வைக்கணுமாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேள்விப்பட்டேன்."

சொன்னவள் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

குளிர் ஏறிய பிறகு ஒரு நாள் அவள் அறையைப் பெருக்கப் போனேன். காற்றுத் துளையின் டேப்பைப் பிய்த்திருந்தாள். மறுபடி ஒட்டினேன். மறுபடி பிய்த்தாள். பிறகு ஒரு நாள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஹீட்டரைத் திருப்பிவைத்து, முழங்காலிட்டு, முதுகுப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு படமில்லை, நாலைந்து. தன் வீட்டு ஹீட்டரின் முதுகை யார் படம் எடுப்பார்கள், யாருக்காவது அனுப்புவதற்கில்லாமல்?

அன்று மாலையே என்னிடம் வந்தாள். "அக்கா, இந்த ஹீட்டரை கம்பெனியே திரும்ப வாங்குறாங்க. விஷக்காத்து வருதாம். கடையில படம் போட்டு ஒட்டியிருக்கான். இலவசமாவே வேற குடுப்பாங்க."

"யாராவது வந்து பார்ப்பாங்களா?"

"வரலாம். தெரியல."

"உனக்குத் தலைவலியா?"

"எழுந்திரிக்கும்போது கொஞ்சம்."

"ராத்திரி பூரா முழிச்சிருந்தா யாருக்கும் வலிக்கும். சாப்பிட்டுட்டுப் படு."

அந்தப் படத்தைக் கடையில் நானும் பார்த்திருந்தேன், அவளுக்கு வெகு நாள் முன்பே. நிதானமாக நின்று முழுக்கப் படித்தேன். கம்பெனி ஆள் வீட்டுக்குள் வந்தால் கட்டில்களை எண்ணுவான். அவன் எண்ணினால் மெல்பர்னுக்குத் தெரியும். அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள், இந்தக் குளிரில். இதையெல்லாம் ஒருத்தர் யோசிக்க வேண்டுமல்லவா? அந்த வீட்டில் யோசிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

அந்த வாரம் அவள் விஷக்காற்று வந்தால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கித் தலைமாட்டில் மாட்டினாள். தன் காசில். என்னிடம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அது கத்தியது. மற்றவர்கள் எல்லாரும் வேலைக்கும் வகுப்புக்கும் போயிருந்தார்கள். நான் அடுப்பில் குந்த்ருக், எங்கள் ஊர்ப் புளிக்கவைத்த கீரை, வைத்திருந்தேன். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவளே ஏதாவது செய்து கத்த வைக்கிறாள், அக்கம்பக்கத்தார் கூப்பிட்டு யாராவது வரட்டும் என்று திட்டம் போட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்தேன். அறை நல்ல கதகதப்பாக இருந்தது. அவள் போர்வைக்குள் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன, குளிரில் ஓடிவந்த குழந்தைக்குச் சிவக்குமே, அது போல. "நிர்ஜலா" என்று கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். உதடு அசைந்தது என்று நினைக்கிறேன். கருவியைக் கழற்றி பேட்டரியை எடுத்தேன். சத்தம் நின்றது. கதவைச் சாத்திவிட்டு அடுப்புக்குப் போனேன்.

ஹீட்டரை அணைத்திருக்கலாமே என்கிறீர்கள். அணைத்தால் நான் உள்ளே வந்தது அவளுக்குத் தெரிந்துபோகும். ஏற்கெனவே என்மேல் சந்தேகத்தோடு இருந்தவள்.

மாலையில் டம்பர்தான் பார்த்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் அவன்தான். அதற்குள் சக்கர ஹீட்டரை நான் கொட்டகைக்குத் தள்ளிவிட்டிருந்தேன். அது வீண் வேலை என்று இப்போது தெரிகிறது.

உடலை ஊருக்கு அனுப்ப எங்கள் நேபாளிச் சங்கக் கூடத்தில் நன்கொடை திரட்டினார்கள். முன்னால் நின்று திரட்டியது நான். அந்தக் கூடத்தில் வைத்துத்தான் டம்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அழுதுகொண்டே சொன்னான்.

"அவ தோழி வீட்டு விலாசத்தைக் குடுத்து ஹீட்டரை மாத்த ஏற்பாடு பண்ணியிருந்தாக்கா. பழசைப் படம் எடுத்து அனுப்பினா போதும்னாங்களாம். சனிக்கிழமை புதுசு வந்துடும், யாரும் நம்ம வீட்டுக்கு வர வேண்டாம்னா. 'அக்காகிட்ட இப்ப சொல்லாதே, பாவம், வீடு போயிடுமோன்னு பயந்துக்குவாங்க, வந்த பிறகு சொல்லிக்கலாம்'னு சொன்னா."

"முன்பணம் கேட்கச் சொன்னது அவதானே?"

"இல்லக்கா. அது என் மச்சான், சிட்னியில இருக்கான். அவ என்னைத் திட்டினா, அக்காவை ஏன் சங்கடப்படுத்துறன்னு."

அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். என் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் ஏற்பாடு செய்திருக்கிறாள். நான் சந்தேகப்பட்டது தப்பில்லையே.

அவள் கதவுக்கு வெளியே கிடந்த துண்டைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். கதவைச் சாத்திய பிறகு என் தலை கிறுகிறுத்தது. ஒரு நிமிடம்கூட உள்ளே நின்றிருக்கமாட்டேன், அதற்கே. கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற பிள்ளைகள் மாலையில் களைத்து வருவார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று தோன்றியது. குளியலறையிலிருந்து பெரிய துண்டை எடுத்து நனைத்து, முறுக்கி, அவள் கதவின் அடி இடுக்கில் இறுக்கமாக வைத்தேன். வெளியிலிருந்து. ஆம், அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஆம், தெரிந்துதான் வைத்தேன். கீரை கொதித்துவிட்டதா என்று பார்த்து இறக்கினேன்.

ஊரில் அவள் அம்மாவுக்கு நான்தான் போனில் சொன்னேன். வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த அம்மாள் அழவில்லை; "என் பொண்ணுக்குக் குளிர் தாங்காது, அங்க ரொம்பக் குளிராமே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கவலைப்படாதீங்கம்மா, கடைசி வரைக்கும் கதகதப்பான அறையிலதான் இருந்தா, நான் கூடவே இருந்து பார்த்துக்கிட்டேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.