எங்க வீட்டு ‘இல்லை’

ஹலோ... ஹலோ, சேவிம் அக்கா, கேக்குதா?... மெதுவாத்தான் பேச முடியும், சமையக்கட்டுல ஒளிஞ்சு நிக்கறேன்... ஆமா ஆமா, பொண்ணு கேக்க வந்துட்டாங்க. எஸ்கில் கோட்டெல்லாம் போட்டு, கையில பூவும் சாக்லேட் பெட்டியுமா... இல்லக்கா, அவன் அம்மா நார்வேலேருந்து வர முடியல, கால்ல கட்டு. அவன் குடியிருக்கற வீட்டுக்காரர் ருஸ்தெம் மாமாதான் பெரியவரா வந்திருக்கார்... கேட்டாச்சு. "அல்லாவோட ஆணைப்படி உங்க மெல்தெமை எங்க பையனுக்குக் கேக்கறோம்"னு முறையாக் கேட்டாச்சு... அப்பாவா? காப்பி குடிச்சுட்டுச் சொல்றேன்னுட்டார். மோதிரம் ரெண்டையும் சிவப்பு ரிப்பன்ல கட்டித் தட்டுல வச்சிருக்கோம். அவர் சரின்னு சொல்லி நடுவுல வெட்டினாத்தானே நிச்சயம்...

இல்ல, அப்பாவோட ‘ச்சிக்’ இன்னும் வரல. அதுக்குத்தான் பயந்து சாகறேன்... ஆமா, முன்னால என்னைக் கேட்டு வந்த அந்த வக்கீல் பையனுக்கு வந்துச்சே. வாயே திறக்காம, புருவத்தை மேல ஏத்தி, நாக்கைத் தட்டி ஒரு ச்சிக். அதோட அவங்க செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க... சிரிக்காத, உன் புருஷனுக்கும் முதல் தடவை அதேதான் விழுந்துச்சு.

ம்... ம்... அப்பாவுக்கு இவன்கிட்ட ஒரே குறை. "எல்லாத்துக்கும் ஆமாங்கறவனை நம்பி எப்படிப் பொண்ணு குடுக்கறது? நாளைக்கு எவனாவது வீட்டை எழுதிக் குடுன்னாலும் ஆமாம்பான்"... அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல? அம்மா சோள ரொட்டி வப்பா, ஆமா. நெத்திலி வறுவல் வப்பா, ஆமா. போன தடவை எந்திரிக்கவே முடியாம கிடந்தான், "இன்னும் கொஞ்சம்?"னா அதுக்கும் ஆமா.

அதான் ஒரு மாசமாப் பாடம் எடுத்தேன். நம்ம துருக்கி மொழியில ‘இல்லை’ங்கறது என்ன பெரிய வித்தையா? ‘கெல்’னா வா. பின்னால ஒரு குட்டி ‘மே’யை ஒட்டினா ‘கெல்மே’, வராதே. கையில இல்லேன்னா ‘யோக்’. அப்படி இல்லேன்னா ‘டெயில்’... கெட்டிக்காரன்க்கா, படகுல மீன் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே மனப்பாடம் பண்ணிட்டான். குடிக்கமாட்டேன், சாப்பிடமாட்டேன், வேண்டாம், எல்லாம் சுத்தமா வருது. அம்மா தட்டோட வந்து நின்னா மட்டும் வாய் தானா ‘ஆமா’ங்குது.

இரு இரு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். காப்பி குடுத்தாச்சு... பின்னே, முகம் சுளிக்காமக் குடிக்கறானான்னு பாக்கறதுதானே வழக்கம், மாப்பிள்ளை கோப்பையில உப்புப் போடாம விடுவேனா? அள்ளித்தான் போட்டேன்... நான் ராட்சசியா? நீ உன் ஆளுக்கு மிளகாப்பொடியும் சேத்துல்ல போட்ட.

கேளு. குடிச்சான். முகத்துல ஒரு நரம்பு அசையலக்கா. அப்ப அப்பா கேட்டார் பாரு, "என்ன தம்பி, உப்பா இருக்கா?"ன்னு. பழக்க தோஷத்துல ஆமான்னுட்டா போச்சே. அவன் நிமிந்து உக்காந்து, "துஸ்லு டெயில்"ங்கறான். உப்பா இல்லையாம்... ஆமாக்கா, இந்த வீட்டுல அவன் சொன்ன முதல் ‘இல்லை’. ருஸ்தெம் மாமா தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறார். எனக்குக் கால் தரையில நிக்கல...

அப்பா சிரிக்கல. தன் காப்பியைக் குடிச்சுக்கிட்டு இருந்தார். மெதுவா, அடிமண்டி தெரியற வரைக்கும்.

இரு, அம்மா காலிக் கோப்பைத் தட்டை எடுத்துட்டு வர்றா... அங்க வைம்மா. அக்காதான் லைன்ல... தண்ணியா? அப்பாவுக்கா?... ஒரு சொம்பா? எதுக்கு அவ்வளவு?... சரி சரி, நீ போ, நான் கொண்டு வர்றேன்.

...அக்கா. ஒரு நிமிஷம் இரு... எஸ்கில் கோப்பை இனிக்குது... விரல்ல தொட்டு நக்கிப் பாத்தேன்க்கா, அடியில சக்கரை. அப்ப உப்பு... இரு, அப்பா கோப்பை, அந்தத் தங்கக்கரை போட்டது... ஐயோ. ஐயோ அக்கா. கடல் தண்ணிக்கா. வாயில வைக்க முடியல... தட்டை மாத்திப் பிடிச்சுட்டேன் போல, அவன் முகத்தையே பாத்துக்கிட்டு நடந்தேன், நான் என்ன பண்ண... அவன் எங்க பொய் சொன்னான், மடையன், உள்ளதைத்தான் சொல்லியிருக்கான்... சிரிக்காத. சிரிக்காதேன்னா எனக்கும் வருது... வயிறு வலிக்குதுக்கா...

ஷ்ஷ். செருப்புச் சத்தம். அப்பா வர்றார். வச்சிடாத, இரு.

இந்தாங்கப்பா தண்ணி... இன்னும் ஊத்தவா?... இந்தாங்க... அப்பா... வந்து... உங்க காப்பி உப்பா இருந்துச்சா?

...

அக்கா, புருவத்தை மேல தூக்கி... ச்சிக்ங்கறார். இல்லையாம். கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி நிக்குது, ஆனா உப்பே இல்லையாம்... நான் அழல. அழலன்னு சொல்றேன்ல... தெரியலக்கா, சரின்னு இன்னும் சொல்லல. ஏதோ தேடறார்.

என்னப்பா வேணும்?... அந்த இழுப்பறை இல்ல, மேல உள்ளது...

அக்கா. கத்தரிக்கோல் தேடறார். அக்கா, கேக்குதா, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல்... நீ ஏன் அழற இப்ப? நிறுத்து, எனக்கும் மை கலையுது...

அப்பா, அது மழுங்கினது. நல்லது இதோ இருக்கு... ச்சிக்கா?... அக்கா, மழுங்கினதுதான் வேணுமாம்... ஆமா, உன் நிச்சயத்துல பண்ணின அதே வேலை. "கத்தரி வெட்டமாட்டேங்குது, வெட்டமாட்டேங்குது"ன்னு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் காசு வாங்கி உன் புருஷன் பையையே காலி பண்ணினாரே... எஸ்கிலுக்கா? எல்லா ‘இல்லை’யும் சொல்லிக் குடுத்தேன், இந்த ‘இல்லை’யை மட்டும் விட்டுட்டேன்க்கா. பாவம், வெட்டலையான்னு எந்திரிச்சு சமையக்கட்டுக்குக் கத்தி எடுக்க வந்து நிப்பான்...

வர்றேன்ப்பா, இதோ வர்றேன்... வைக்கறேன்க்கா.