சித்தப்பாவோட ஜப்பான் மரம்

நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க. வேர்ல கடப்பாரை இறங்கிட்டா அப்புறம் பேச்சே இல்ல. செத்துடுச்சான்னு பாக்கத்தானே உங்களை நர்சரியிலேர்ந்து அனுப்பினாங்க? பாக்காமயே தோண்டுறீங்க.

சித்தப்பா போன்ல சொன்னாரா? சொல்லுவாரு. நான்தான் கொன்னேன்னும் சொல்லியிருப்பாரே? அதானே. இந்த வீட்டுல குழாய் ஒழுகினாலும் நான்தான் காரணம். படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்ல, எதை வேணா என் தலையில கட்டலாம். மரம் செத்துதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு நான் மூட்டை கட்டணும். மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. அதனால ஒழுங்கா பாத்துட்டுத் தோண்டுங்க.

குளிர் ஊரு மரம், உங்களுக்குத் தெரியாததா. பச்சை இலையில வெள்ளை ஓரம். ஜப்பான் மேப்பிள்னு பேரைச் சொல்றப்பவே சித்தப்பாவுக்குப் பெருமையில தோள் ஏறிக்கும். வந்த புதுசுல, பக்கத்து வீட்டுக்கு வெள்ளை அடிக்க வந்தவரு, தெறிச்சிடுச்சு போல, மன்னிச்சிடுங்க சார்னு ஈரத்துணியோட இலையைத் தொடைக்க வந்துட்டாரு. சித்திக்குச் சிரிச்சு சிரிச்சுப் புரையேறிடுச்சு. சித்தப்பா அன்னிக்குச் சாப்பிடவே இல்ல.

பின்பக்கம் வைங்க, காலை வெயில் மட்டும்தான் படும்னேன். பின்னாடி வெச்சா எவன் பாப்பான்னாரு. கொண்டாந்து இங்க வெச்சாரு, மேற்கு பாத்த கேட்டுக்கிட்ட, சிமெண்ட் சுவத்தை ஒட்டி. கை வெச்சுப் பாருங்களேன். சுவரா இது? இஸ்திரிப்பெட்டி.

இலை கருகினதும் ஐயா என்ன பண்ணாரு தெரியுமா? உச்சி வெயில்ல ஐஸ் தண்ணி. காய்ச்சல்காரனுக்கு நெத்தியில துணி போடுற மாதிரி, ஒவ்வொரு இலையா. நான் பழைய பெட்ஷீட்டைக் கட்டி நிழல் போட்டேன். ஆபீஸ்லேர்ந்து மேனேஜர் வர்றாரு, துணி காயப்போட்ட மாதிரி அசிங்கமா இருக்குன்னு சித்தப்பா அதை அவுத்துட்டாரு. அந்த மேனேஜர் மரத்தைத் திரும்பிக்கூட பாக்கல. போன்ல பேசிக்கிட்டே உள்ள போயிட்டாரு.

அப்புறம் சில குச்சியில வெள்ளையே இல்லாம, முழுப் பச்சையா தளிர் வந்துச்சு. அது திருட்டுக் கிளையாம். மரத்தோட சத்தை உறிஞ்சிடுமாம். அதுவும் உன்னை மாதிரி தண்டச்சோறுடான்னாரு. சித்தி எதிர்லயே.

நான் படிப்பை விட்டவன்தான். ஆனா பச்சையம் பாடம் நடத்தின அன்னிக்கு வகுப்புலதான் இருந்தேன். இலையில பச்சையா இருக்குற இடம்தான் மரத்துக்குச் சமைச்சுப் போடுது. வெள்ளை சும்மா உக்காந்து தின்னுது, வெயில் வந்தா மொதல்ல அதுதான் கருகுது. இதுல தண்டச்சோறு யாருண்ணே?

அந்தப் பச்சைக் கிளையை வெட்டத்தான் வேணும், தெரியும். நீங்களும் அதைத்தான் சொல்வீங்க. விட்டா மரம் முழுக்கப் பச்சையாயிடும். ஆயிட்டுப் போகட்டுமே, உசுரோட இருக்கும்ல? இப்ப வெள்ளையெல்லாம் பொசுங்கி நிக்குது, இதைத்தான் அழகுன்னு வாங்கினாரு.

இந்தப் படிக்கட்டுப் பக்கமா வாங்க. குனிங்க. சாக்கைத் தூக்குங்க. மெதுவா, மெதுவா, கயிறு இருக்கு. பச்சைக் கிளை ஒண்ணை நான்தான் வளைச்சுக் கட்டி மூடி வெச்சேன், அவரு கண்ணுல படக்கூடாதுன்னு. ஒரு இலையாவது கருகியிருக்கா சொல்லுங்க. நகத்தால லேசா கீறிப் பாருங்க, உள்ள ஈரம் தெரியுதா?

ஒட்டுக்குக் கீழ, அடிமரத்துலேர்ந்து வந்த வேற ஜாதிக் கிளையாங்கிறீங்களா? அட, இல்லண்ணே. ஒட்டுப் போட்ட முடிச்சு இங்க இருக்கு, கிளை அதுக்கு மேல. இதே மரம்தான்.

பச்சையா ஒண்ணு விடாம அடியோட வெட்டுன்னுதான் சொன்னாரு. மத்ததெல்லாம் வெட்டினேன். இதை வெட்டல.