கடித்த கிழங்கும் கமழ்ந்த கிழங்கும்

மலைச்சரிவெல்லாம் ஐரிஸ் பூத்து ஊதா உடுத்தி நிற்கும் இந்த மே மாதத் திருவிழாவுக்குத் தலைமையேற்று, என் பேச்சு எப்போது முடியுமென்று கடிகாரம் பார்க்கும் ஊர்த்தலைவர் அவர்களே! முதுகு வளைந்தும் தலை வளையாத பெரியோர்களே! வளைகத்தியால் கிழங்குத் தோல் சீவிச் சீவி, விரல் தழும்பையே மோதிரமாக அணிந்த தாய்மார்களே! உங்கள் மருந்துக்கடை ஃபோஸ்காவின் வணக்கம்.

ஒரே ஒரு கேள்வி. தோண்டிய அன்று ஐரிஸ் கிழங்குக்கு என்ன மணம்? மண் மணம்! அத்தர் செய்பவர்களுக்காக மூன்றாண்டு உலர்த்தியபின்? வயலட் பூ மணம்! எங்கிருந்து வந்தது அது? யார் கொண்டுவந்து வைத்தது?

போன ஜூலையில் செத்திமியோவின் வயலில் எல்லோரும் கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம். அவர் மகனுக்கும் நேதோவின் மகள் இல்வாவுக்கும் செப்டம்பரில் கல்யாணம். சம்பந்திகள் அல்லவா, கேலிக்குப் பஞ்சமில்லை. "பல்லு முளைக்கிற பிள்ளைங்களுக்கு அந்தக் காலத்துல இதைத்தானே கடிக்கக் குடுத்தாங்க? எனக்கென்னய்யா!" என்று நேதோ ஒரு பச்சைக் கிழங்கை நறுக்கென்று கடித்தார். என்ன, பின்வரிசையில் சிரிப்பா? சிரியுங்கள், அவரும்தான் சிரிக்கிறார்!

அன்று யாரும் சிரிக்கவில்லை. நாக்கு எரிந்தது, உதடு உப்பியது, குடல் புரள வாந்தி எடுத்தார். "விஷத்தைத் தெளிச்சு வச்சிருக்கான் பாவி! இவன் வீட்டுக்கா எம்பொண்ணு?" என்று குழறினார். "என் நெலத்துல மருந்தே அடிச்சதில்ல, சம்பந்தி!" என்று கதறினார் செத்திமியோ. கேட்பார் யார்? மறுநாளே கல்யாணம் நின்றது. இல்வா என் கடைக்கு வந்து அழுதாள்.

நான் என்ன செய்தேன்? செத்திமியோ வயலின் பச்சைக் கிழங்கு ஒன்று, நேதோ வயலின் பச்சைக் கிழங்கு ஒன்று, செத்திமியோ பரணில் மூன்றாண்டு உலர்ந்தது ஒன்று. மூன்றையும் நேதோ கண்ணெதிரே என் முன்கையில் தேய்த்தேன். செத்திமியோவுடையது எரிந்தது. நேதோவுடையதும் எரிந்தது! கை சிவந்து தடித்தது. உலர்ந்ததோ எரியவில்லை, மணந்தது; அந்தக் காலத்துப் பிள்ளைகள் கடித்ததும் இந்த உலர்ந்ததைத்தான்.

"என் நெலத்துல யாரு விஷம் வச்சா?" என்றார் நேதோ, மெதுவாக.

"யாரும் வைக்கல மாமா. செடியே வச்சுக்கிட்டது. பூச்சிபுழு அண்டாம இருக்க" என்றேன்.

அன்பர்களே, அதிசயம் கேளுங்கள்! பச்சைக் கிழங்கின் காரத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று இரிடால். காற்று அதை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உடைக்கிறது. உடைந்து பிறப்பது ஐரோன். அந்த ஐரோன்தான் வயலட் மணம்! எரித்தது வேறு, மணந்தது வேறு என்றா நினைத்தீர்கள்? இல்லை! எரித்ததே மணந்தது! கடித்ததே கமழ்ந்தது!

உதட்டு வீக்கம் வடியுமுன்னே நேதோ செத்திமியோவின் வாசலில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார், சொல் வரவில்லை. செத்திமியோ பார்த்தார். "முப்பது வருசத்துல இன்னிக்குத்தான்யா நீ தப்பா ஒண்ணும் பேசல. உள்ள வா, சூப்பு ஆறிப்போகுது!" என்றார்.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. ஆக்கப் பொறுத்தவர்களே, ஆறவும் பொறுங்கள்! கிழங்குக்கு மூன்றாண்டு தருகிறோமே, சக மனிதனுக்கு மூன்று நாள் தரக்கூடாதா?

எரிச்சலைப் பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. கைகள் ஆறட்டும், களங்கள் மணக்கட்டும். வணக்கம்!