உற்சாகமாய்க் கொடுத்தவன்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கேளுங்கள், மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இறந்துபோனவன் என் தம்பி. லேத் பட்டறையில் வேலை. அம்மா போன பிறகு சோறு போட்டு, சட்டை துவைத்து அவனை ஆளாக்கியது நான்தான். சர்க்கரை வியாதி சின்ன வயதிலேயே வந்துவிட்டது. இரும்பையே அறுக்கிறவனுக்கு ஊசியைக் கண்டால் நடுக்கம். கண்ணை இறுக மூடிக்கொள்வான், நான்தான் போட்டுவிடுவேன்.

தங்கமானவன். ஒரே குறை, சபைக்குத் தசமபாகம் தர மாட்டான். வருமானத்தில் பத்தில் ஒன்று கடவுளுடையது, அதில் பேரம் கிடையாது. ஆலயத்துக்கு ஏசி போட்ட சமயம், "தராதவன் ஆண்டவரோட பாக்கெட்லயே கை விடுறான்" என்று போதகர் மேடையில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

தம்பியிடம் சொன்னேன். "கடவுளுக்கு எதுக்குக்கா ஏசி? மேல குளிராத்தானே இருக்கும்?" என்றான்.

எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் காசை அளந்து கொடுத்தான். சாப்பாட்டில் கை வைக்க முடியாது; குழம்பு நீர்த்தால் முகம் சுளிப்பான். மருந்தை யார் ருசி பார்க்கிறார்கள்? பழைய இன்சுலின் குப்பியில் தண்ணீரை நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் ஐயா, சுத்தத்தில் நான் அலட்சியமாக இருப்பதில்லை. மருந்துக் காசு காணிக்கை உறைக்குள் போனது. உறைமேல் அவன் பெயரைத்தான் எழுதினேன். முதலில் ஒரு வேளை மட்டும் தண்ணீர். போதகர் என்னை முன்வரிசைக்கு அழைத்த பிறகு எல்லா வேளையும்.

தம்பி துரும்பாக இளைத்தான். குடித்தும் தாகம் அடங்கவில்லை. மூச்சு இரைத்தது.

"அக்கா, மருந்து சரியில்லையோ? ஆஸ்பத்திரி போலாமா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடா. ஆராதனை முடிஞ்சதும் போலாம்" என்று போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று பாடகர் குழு அருமையாகப் பாடியது. இன்னொரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். திரும்பி வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அடக்கத்தில் போதகர் அவனை 'உற்சாகமாய்க் கொடுத்தவர்' என்றார். பெருமையாக இருந்தது.

தண்ணீர் என்று தெரிந்துதான் போட்டேன். செத்துப்போவான் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடவுளுக்குக் கடன்காரனாக அவன் போகவில்லை.

பட்டறையிலிருந்து அவன் பணம் ஏதோ வருமாமே? பத்தில் ஒன்றைச் சபைக்கு அனுப்பிவிட்டு மீதியைக் கொடுங்கள் ஐயா. அடுத்தவர் காசைத் தொட்டு எனக்குப் பழக்கமில்லை.